ஒன்பது நாளாக வெளியே வராத கண்ணம்மா: முட்டையிட்ட தாவும் சிலந்தியைப் பார்த்துக்கொள்வது

கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன், அப்போதுதான் புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். இரண்டு மாதத்துக்கு முன் சமையலறை ஜன்னல் கம்பியில் இருந்த ஒரு தாவும் சிலந்தியைப் பிடித்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வளர்க்கிறீர்கள். பெரிய கண்கள் என்பதால் கண்ணம்மா என்று பெயர். ஒன்பது நாளாக மூடியின் மூலையில் வெள்ளையாக நூல் கட்டி உள்ளே போய்விட்டது. ஈ விட்டாலும் வரவில்லை. டார்ச் அடித்தால் உள்ளே மஞ்சளாக ஒரு திட்டு தெரிகிறது. ஆண் சிலந்தியே இல்லாமல் முட்டை எப்படி, பொரிக்குமா, பிரித்துப் பார்க்கலாமா, குஞ்சுகள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். டப்பாவோடு வெளியே போடச் சொல்லி அம்மா நெருக்குகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கூட்டைப் பிரிக்காதீர்கள். மூடியையும் இனித் திறக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது நம் வீட்டுச் சுவர்களில் ஈ பிடித்துத் திரியும் சாதாரண தாவும் சிலந்திதான். பழுப்பு உடம்பு, முதுகின் நடுவே வெளிர் பட்டை, வயிற்றின் பின்பக்கம் இரண்டு வெள்ளைப் புள்ளி. விஞ்ஞானப் பெயர் பிளெக்சிப்பஸ் பேக்குல்லி. வெப்ப நாடுகளில் எங்கும் மனிதர் வீடுகளை ஒட்டியே வாழ்கிறது. பெண் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். இரைக்காக வலை பின்னாது. நூலை விடுவதெல்லாம் தாவும்போது பாதுகாப்புக் கயிறாகவும், தூங்க, தோலுரிக்க, முட்டையிடக் கூடு கட்டவும்தான்.

இங்கே ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: இது தோலுரிக்கப் போன கூடாக இருக்கக்கூடாதா? இருக்காது. தாவும் சிலந்தி முழு வளர்ச்சி அடைந்தபின் தோலுரிப்பதில்லை. உங்கள் பழைய படங்களில் வயிற்றின் அடிப்பக்கம், முன்பாதியில், கறுப்பாக ஒரு சின்ன முத்திரை போலத் தெரிந்தால் அது வளர்ந்த பெண். கூடு கட்டுவதற்கு முந்தைய வாரம் வயிறு பட்டாணி மாதிரி உப்பியிருந்தது, கொடுத்ததையெல்லாம் தின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது உள்ளே அதன் வயிறு சுருங்கித் தெரிந்தால் முட்டையிட்டாயிற்று என்று முடிவு கட்டலாம்.

ஆண் இல்லாமல் எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். பெண் சிலந்தி ஒருமுறை இணைந்தால் போதும். ஆணின் விந்தை உடலுக்குள் இருக்கும் தனிப் பைகளில் சேமித்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கழித்தும் முட்டைகளைக் கருவுறச் செய்யும். ஒரே சேமிப்பிலிருந்து இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கு மேலும் முட்டைப் பைகள் போடும். வளர்ந்த பெண்ணாக வெளியிலிருந்து பிடித்தீர்கள் என்றால் அது ஏற்கெனவே இணைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். குஞ்சிலிருந்து டப்பாவிலேயே வளர்ந்த பெண்ணும் முட்டையிடும், ஆனால் அவை பொரிக்காது. அந்த மாதிரி முட்டைகள் நாளாக ஆகச் சுருங்கிக் காய்ந்துபோகும், அல்லது தாயே தின்றுவிடும். தின்றால் பதற வேண்டாம். போட்ட சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சொல்கிறேன். வெளியே தெரிவது தாயின் அறை. அதற்குள் அடர்த்தியான நூலால் பருப்புவடை வடிவத்தில் ஒரு தட்டையான பொதி. முட்டைகள் அதற்குள்தான். இந்த இனத்தில் பெரும்பாலும் 30லிருந்து 60 வரை இருக்கும். கண்ணம்மா அதன்மேல் படுத்துக் காவல் காக்கிறது. எறும்பு, ஒட்டுண்ணிக் குளவி, வேறு சிலந்தி என்று எது வந்தாலும் முதலில் அதைத்தான் தாண்டி வர வேண்டும். குஞ்சுகள் வெளியேறும்வரை இந்தக் காவலை விடாது.

பிரித்துப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது. என் முதல் பெண் சிலந்தியும் மூடியில்தான் கூடு கட்டியது, மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவிலுள்ள இடுக்கில். தண்ணீர் தெளிக்கலாம் என்று திறந்தேன். சரக்கென்று ஒரு சத்தம், மிக மெல்லியது, பட்டுத்துணி கிழிவது போல. கூட்டின் ஒரு பக்கம் திறந்துகொண்டு தாய் வெளியே வந்து என்னைப் பார்த்தபடி நின்றது. மூடியை வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். அரை மணி கழித்துப் பார்த்தபோது வயிற்றின் நுனியைக் கிழிசலின் இந்தக் கரையில் ஒட்டி, அந்தக் கரையில் ஒட்டி, இடையிடையே முன்கால்களால் தட்டிப் பார்த்து, மறுபடி ஒட்டி, விடியும்வரை தைத்துக்கொண்டிருந்தது. அந்த முட்டைகள் பிழைத்தன. அடுத்த வருடம் இன்னொரு சிலந்தியிடம் அதே தவறு நடந்தபோது பிழைக்கவில்லை. இரண்டாம் நாள் பொதி காலியாக இருந்தது, தாய் வயிறு நிறைந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இடம் பாதுகாப்பில்லை என்று தாய்க்குத் தோன்றினால் இப்படி முடிவெடுக்கும். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. திறந்தது என் கை.

சரி, மூடியைத் திறக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? கூட்டுக்கு எதிர்ப்பக்கம், டப்பாவின் சுவரில் தாழ்வாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டரால் ஒரு துளை போடுங்கள். டப்பாவை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு மெதுவாக அறுத்தால் அதிர்வு குறையும். கத்தியைச் சூடுகாட்டி உருக்குவது வேண்டாம், பிளாஸ்டிக் புகை உள்ளே நின்றுவிடும். துளையை ஸ்பாஞ்சுத் துண்டால் இறுக்கமாக அடையுங்கள். இனிமேல் தண்ணீர், தீனி எல்லாம் அந்த வழிதான்.

தீனியைவிடத் தண்ணீர் முக்கியம். முட்டைமேல் இருக்கும் தாய் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும், தாகத்தை மட்டும் தாங்காது. தினமும் ஒருமுறை, தூரிகை நுனியை நனைத்து டப்பாவின் உள்சுவரில் இரண்டு மூன்று பொட்டுத் தண்ணீர் வையுங்கள். கூட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி இருக்கட்டும். ராத்திரியிலோ விடியலிலோ வந்து குடித்துவிட்டு உள்ளே போய்விடும், நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். கூட்டின்மேல் நேரடியாக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். நனைந்த கூட்டில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் முட்டை அழுகும். அடியில் ஈரம் தேங்கினாலும் அதே கதை.

தீனி என்றால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஒரே ஒரு வீட்டு ஈ, அல்லது விளக்கடியில் விழும் சின்ன அந்துப்பூச்சி. மறுநாளும் தின்னாமல் கிடந்தால் எடுத்துவிடுங்கள். சில தாய்கள் வந்து பிடிக்கும், சில கடைசிவரை வராது, இரண்டும் சரிதான். சில்வண்டு, மீல்வார்ம் என்ற மாவுப்புழு மாதிரி கடிக்கும் வாய் உள்ளவற்றைக் கூட்டுப் பக்கம் விடவே கூடாது. பசித்த பூச்சி கூட்டைக் குடைந்து முட்டையைத் தின்னும், தாயையும் கடிக்கும்.

இப்போது எறும்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் முட்டைப் பையை அழிப்பது பெரும்பாலும் எறும்புதான். ஒரு சித்திரை மாதக் காலை, அலமாரித் தட்டில் வைத்திருந்த டப்பாவைப் பார்க்கப் போனேன். சுவர் ஓரமாக நூல் பிடித்தாற்போல ஒரு வரிசை. மிகச் சின்ன சிவப்பு எறும்பு. ஒவ்வொன்றும் வெளிர் மஞ்சளாக ஏதோ தூக்கிக்கொண்டு போனது. குனிந்து பார்த்த பிறகுதான் அவை முட்டைகள் என்று புரிந்தது. தாய் கூட்டு வாசலில் செத்துக் கிடந்தது, கால்களில் இரண்டு எறும்பு கவ்வியபடியே. ஓடிப்போக இடமிருந்தும் ஓடவில்லை. அன்றிலிருந்து என் டப்பாக்கள் எல்லாம் நம் பாட்டிமார் நெய்ச் சட்டியைக் காத்த முறையில்தான் நிற்கின்றன: அகலமான தட்டில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன்மேல் டப்பா. டப்பா சுவரைத் தொடக்கூடாது, திரைச்சீலை மேலே படக்கூடாது. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டால் எறும்பு மிதந்தும் கடக்காது, கொசுவும் பெருகாது.

எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடாது. அது பூச்சிக்கொல்லி. கரப்பான் ஸ்ப்ரே, கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் கொசு லிக்விட், பீரோவில் போடும் அந்துருண்டை எதுவும் அந்த அறையில் வேண்டாம். கொசு லிக்விடில் இருப்பது பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் மருந்து, சிலந்தியையும் அது விடாது. மூடிய டப்பாதானே என்று நினைக்காதீர்கள், காற்று போகும் ஓட்டை வழியே அதுவும் போகும். அந்த அறையில் மூன்று நான்கு வாரத்துக்குக் கொசுவலைதான். வீட்டில் கைக்குழந்தை இருந்து லிக்விட் அவசியம் என்றால் டப்பாவை வேறு அறைக்கு மாற்றுங்கள், இரண்டு கையாலும் பிடித்து, சாய்க்காமல்.

வெயில் நேரடியாகப் படும் ஜன்னலும் வேண்டாம். பிளாஸ்டிக் டப்பா வெயிலில் கால் மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். வெளிச்சம் வரும், வெயில் வராத இடம் போதும்.

எத்தனை நாள் ஆகும்? திருச்சியில் என் வீட்டு வெப்பத்தில், முட்டையிட்டதிலிருந்து குஞ்சு வெளியே நடமாட மூன்று வாரத்துக்கு முன்னே பின்னே ஆகிறது. மார்கழி, தை மாதங்களில் இன்னும் ஒரு வாரம் இழுக்கும். இடையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் (இரண்டு நொடிக்கு மேல் வேண்டாம்) மாற்றம் தெரியும். முதலில் தனித்தனி மஞ்சள் மணிகள். பிறகு மணிக்குக் கால் முளைத்தது போல வெளிறிய உருவங்கள். இந்தக் கட்டத்தில் அவை தின்னாது, வயிற்றிலிருக்கும் மஞ்சள் கருவிலேயே வாழும். இன்னொருமுறை தோலுரித்ததும் கண்கள் கறுப்பாகத் தெரியும். அதற்குப் பிறகும் சில நாள் தாயோடு கூட்டுக்குள்ளேயே நெருக்கியடித்துக் கிடந்துவிட்டுத்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஐந்து வாரம் தாண்டியும் மணிகள் அப்படியே இருந்தால், அல்லது தாய் கூட்டை விட்டுவிட்டு வேறு மூலையில் தூங்க ஆரம்பித்தால், அந்த முட்டைகள் பொரிக்காது.

வெளியிலிருந்து பிடித்த சிலந்தி என்பதால் இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். குஞ்சுக்குப் பதில் வேறு பூச்சி வெளியே வரலாம். கும்பிடுபூச்சி போல முன்கால் மடித்து, கண்ணாடி இறகோடு இருக்கும் மேன்டிஸ்பிட் என்ற ஒரு குடும்பம் உண்டு. அதில் சில இனங்களின் பொடிப்பொடியான புழு பெண் சிலந்தியின் உடம்பில் ஏறி ஒட்டிக்கொண்டு, அது முட்டைப் பை பின்னும் நேரத்தில் உள்ளே இறங்கி, முட்டைகளை உறிஞ்சியே வளரும். உங்கள் தவறு எதுவுமில்லாமலே இது நடக்கலாம்.

குஞ்சுகளுக்கு இன்றே ஏற்பாடு தொடங்க வேண்டும். முதலில் டப்பாவின் ஓட்டைகள். மூடியில் ஊசியைச் சூடுகாட்டி ஓட்டை போட்டதாகச் சொன்னீர்கள். குஞ்சு ஒரு கடுகைவிடப் பெரிதாக இருக்காது, அந்த ஓட்டை அதற்கு வாசற்கதவு. மூடியின் வெளிப்பக்கம் நெருக்கமான நைலான் துணியைப் போர்த்தி ரப்பர் பேண்ட் போடுங்கள். கூட்டைத் தொடாமலே இதைச் செய்யலாம்.

அடுத்தது தீனி. குஞ்சு தின்பது பழ ஈதான், கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் அந்தச் செங்கண் ஈ. முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ பத்து நாள் ஆகும், உங்களுக்கு மீதியிருக்கும் நாளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அகலவாய் பாட்டிலில் நன்றாகக் கனிந்த பழத்தை மசித்துப் போட்டு, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, ஈக்கள் உட்கார ஒரு காகிதத் துண்டைச் செருகி, பழக்கூடைக்குப் பக்கத்தில் ஒருநாள் திறந்து வையுங்கள். பத்துப் பதினைந்து ஈ இறங்கியதும் துணியால் கட்டிவிடுங்கள். சூடு 30 டிகிரிக்கு மேல் போனால் பழ ஈ வளர்ப்பு படுத்துவிடும், அதனால் கோடையில் என் பாட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும். குஞ்சுக்குக் கொடுக்கும் முன் வேண்டிய ஈக்களைச் சின்னக் குப்பியில் தட்டி, மூன்று நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் சோர்ந்து கிடக்கும், எளிதாக மாற்றலாம். கொசு பேட்டில் கருகியதைப் போடாதீர்கள், அசையாத இரையைக் குஞ்சு பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

குஞ்சுகள் வெளியே வரும் காலை அழகானது. மூடியின் அடிப்பக்கம் எள் தூவியது போல இருக்கும். விரலைக் கொண்டுபோனால் அத்தனை எள்ளும் ஒன்றாகத் திரும்பி விரலைப் பார்க்கும். தலையை விரலோடு சேர்த்துத் திருப்பும். பிறந்து சில நாளே ஆன உயிர் நம்மைக் கண்ணால் தொடர்வதைப் பார்த்த பிறகு, எட்டுக்கால் பூச்சி என்று துடைப்பத்தை எடுக்கக் கை வராது.

ஆனால் அத்தனையையும் வளர்க்க நினைக்காதீர்கள். ஒரே டப்பாவில் விட்டால் சில நாளில் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். நான்கைந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு ஒரு மருந்து டப்பா, குண்டூசி முனையால் போட்ட காற்றுத் துளை, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பழ ஈ, சுவரில் ஊசிமுனை அளவு தண்ணீர்ப் பொட்டு. பெரிய சொட்டு வைத்தால் அதிலேயே மூழ்கிச் செத்துவிடும். மற்றவற்றைச் செடிகள் உள்ள இடத்தில், மாலையில், எறும்புப் புற்று இல்லாத பக்கம் பார்த்து விட்டுவிடுங்கள். இலை நுனிக்கு ஏறி, நூலை விட்டு, காற்றில் போய்விடும். பெரும்பாலானவை பிழைக்காது என்பது உண்மைதான். பல்லியும் குளவியும் காத்திருக்கின்றன. சுவரில் மண்ணால் கட்டிய குளவிக்கூட்டை உடைத்தால், புழுவுக்குத் தீனியாக மயங்கிய சிலந்திகளை அடுக்கி வைத்திருப்பதை நீங்களே பார்க்கலாம். கண்ணம்மா இங்கேயே இருக்கும் இனம் என்பதால்தான் வெளியே விடச் சொல்கிறேன். செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய வெளிநாட்டுச் சிலந்தியின் குஞ்சு ஒன்றைக்கூட விடக்கூடாது.

அம்மாவின் பயத்தைப் பற்றி. இந்தச் சிலந்தி மனிதரைத் தேடிவந்து கடிப்பதில்லை. விரலுக்கடியில் நசுங்கினால் கடிக்கலாம், எறும்பு கடித்த அளவுக்கு இருக்கும், ஆபத்தில்லை. சிலந்தி மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அப்படி எரிச்சலோடு வரும் கொப்புளம் பலமுறை விளக்கடிக்கு வரும் ஆசிட் பூச்சி என்ற சின்ன வண்டு நசுங்கியதால் வருவது. அம்மாவுக்கு நம்பிக்கை வர ஒரு வழி இருக்கிறது. வீட்டில் வேறு தாய்ச் சிலந்திகளை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார், அதை நினைவுபடுத்துங்கள். காலண்டருக்குப் பின்னாலிருந்து ஓடும் பெரிய தட்டைச் சிலந்தி, வயிற்றடியில் பிஸ்கட் மாதிரி வெள்ளை வட்டம் ஒன்றைக் கவ்விக்கொண்டு திரியுமே, அது முட்டைப் பைதான். கரப்பானைத் தின்னும் சிலந்தி அது. குளியலறை மூலையில் நூல் கால்களோடு தொங்குவது தன் முட்டைகளைத் திராட்சைக் கொத்து மாதிரி வாயிலேயே பிடித்துக்கொண்டிருக்கும். தோட்டத்து ஓநாய்ச் சிலந்தி பையைப் பின்னால் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும், பொரித்த பிறகு குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொள்ளும். இவை எதையும் டப்பாவில் அடைக்கத் தேவையில்லை, இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். தாய்மை என்றால் சீனாவின் டாக்சியஸ் மேக்னஸ் என்ற தாவும் சிலந்தியைச் சொல்ல வேண்டும். அதன் தாய் பால் போன்ற ஒரு திரவத்தைச் சுரந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது என்று 2018இல் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ முதல் இருபது நாள் குஞ்சுகளுக்கு வேறு தீனியே இல்லை. கண்ணம்மா அப்படிச் செய்யாது, ஆனால் அதன் உறவுதான்.

குஞ்சுகள் போன பிறகு கண்ணம்மா மெலிந்து, வயிறு ஒட்டி, நிறம் மங்கித் தெரியும். செத்துவிடப் போகிறது என்று பயப்படாதீர்கள். குஞ்சுகளை அப்புறப்படுத்தியதும் முதல் நாள் தண்ணீர், அடுத்த நாள் சின்ன ஈ, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் நல்ல தீனி. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தேறும், மறுபடி கூடு கட்டினாலும் ஆச்சரியமில்லை. அடுத்தடுத்த பைகளில் முட்டை குறைந்துகொண்டே வரும், பொரிக்காததும் கூடும். தாவும் சிலந்தியின் ஆயுளே ஒரு வருடம், ஒன்றரை வருடம். இரண்டாவது, மூன்றாவது பைக்குப் பிறகு தாவுவது தவறும், சுவரில் ஏறப் பிடி கிடைக்காது. அந்தச் சமயத்தில் உயரமான டப்பாவிலிருந்து தாழ்வான டப்பாவுக்கு மாற்றி, அடியில் மெல்லிய துணி விரித்துவிடுங்கள். ஈயைத் துரத்த முடியாமல் போனால், ஈயை நசுக்கி இடுக்கியில் பிடித்து வாயருகே காட்டுங்கள், உறிஞ்சும். என் கடைசிச் சிலந்தி மூன்றாவது பைக்குப் பிறகும் ஏழு வாரம் இருந்தது. தினமும் காலையில் தூரிகையை நீட்டினால் முன்கால்களால் அதைப் பிடித்துக்கொண்டு குடிக்கும்.